அத்தை கட்டிய சுங்குடித் துண்டில் 78 புள்ளிகள்

கேட்டிருந்த கேள்வி: கையால் செய்த ஒரு பொருளுக்குள் ஒளித்து வைத்த புதையல் புதிரை விடுவித்திருக்கிறீர்களா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆமாம், ஒரு முறை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

என் அத்தை மதுரையில் கீழவாசல் பக்கம் இருக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டியிடம் சுங்குடி கட்டக் கற்றுக்கொண்டவர். கண் நன்றாக இருந்தவரை கூலிக்குக் கட்டினார். இப்போது கட்டுவது வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும். போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து நான் போயிருந்தபோது, அரக்கு நிறத்தில் ஒரு கஜத்துண்டை மடித்துக் கையில் கொடுத்தார். "இதுக்குள்ள உனக்கு ஒரு சாமான் எங்க இருக்குன்னு எழுதியிருக்கேன் மருமகனே. கண்டுபிடிச்சா உனக்கு. இல்லைன்னா அது அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அதற்கு மேல் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை.

சுங்குடி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் துணியில் புள்ளி குறித்து, குறித்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பிறகு சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்ப்பார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. நுனி மட்டும் நூலுக்கு வெளியே நிற்பதால் அதில் சாயம் பிடித்துவிடும். அதனால்தான் வெள்ளை வட்டத்துக்கு நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு துளி நிறம் தெரியும். அச்சடித்த துணியில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு. கட்டிய துணியில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, தடவினால் லேசான சுருக்கம் விரலில் தட்டுப்படும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சடித்ததுதான். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அத்தையின் துண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து சதுரம். நடுவில் ஒரு பூ. கீழ்க்கரையை ஒட்டி ஒரு வரிசை மட்டும் தனியாக, கொஞ்சம் பெரிய புள்ளிகளும் கொஞ்சம் சின்னப் புள்ளிகளுமாக, இடைவெளி விட்டுவிட்டு ஓடியது. எழுத்து அங்கேதான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு கூட்டம். முதலாவதில் பெரியது 3, சின்னது 3. அடுத்து பெரியது 7 மட்டும். அப்புறம் 7, 3. பிறகு 12, 9. மறுபடி 7 மட்டும். பிறகு 7, 8. கடைசியில் 12 மட்டும். மொத்தம் 78 புள்ளிகள்.

தொலைபேசி எண்ணாக எழுதிப் பார்த்தேன். பிறந்த தேதிகளோடு ஒப்பிட்டேன். எதுவும் பொருந்தவில்லை. மூன்று கூட்டங்களில் சின்னப் புள்ளியே இல்லையே, அங்கே சாயம் ஏறி அழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் போனில் பேசும்போது அதையே கேட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் முடிச்சு அழியுமா? சின்னப் புள்ளி இல்லாத இடத்துலதான்டா புள்ளி இருக்கு!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. தமிழில் புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலையில் வைப்பது. அதாவது, பெரிய புள்ளி மெய், சின்னப் புள்ளி உயிர். உயிர் சேராத மெய் தனியே நின்றால் அதன் தலையில் புள்ளி. எழுந்து விளக்கைப் போட்டு, ஒன்றாம் வகுப்பில் எழுதியது போல 18 மெய்யையும் 12 உயிரையும் வரிசையாக எழுதினேன். மூன்றாவது மெய் ச், மூன்றாவது உயிர் இ: சி. ஏழாவது மெய் த். ஏழும் மூன்றும் தி. பன்னிரண்டும் ஒன்பதும் ரை. மறுபடி த். ஏழும் எட்டும் தே. கடைசிப் பன்னிரண்டு ர்.

சித்திரைத் தேர்.

ஐந்தாவதாக நின்ற அந்த ஒற்றை 'த்'-தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை படித்தது எட்டாம் வகுப்பு. ஒற்று மிகும் இடத்தை விடக் கூடாது என்பதற்காகவே ஏழு முடிச்சு கூடுதலாகக் கட்டியிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஐந்து சதுரமும் ஊர்தான் என்பது அதற்குள் பிடிபட்டுவிட்டது. நடுப்பூ கோயில். அதைச் சுற்றி மதிலுக்குள்ளேயே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாசிக்கும் வெளிக்கும் இடையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் உண்டு. 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை அவை. அத்தை அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளிருந்து எண்ணும்போது அதனால் ஒன்றும் குழப்பமில்லை.

சித்திரைத் தேர் என்றால் சித்திரை வீதி, இரண்டாவது சதுரம் என்று எடுத்துக்கொண்டேன். நாலு சித்திரை வீதியையும் வெயிலில் சுற்றினேன். துண்டை விரித்து விரித்துப் பார்த்தேன், இரண்டாவது சதுரத்தில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருந்தது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோதுதான், சின்ன வயதில் அத்தை தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த இடம் நினைவுக்கு வந்தது. அது சித்திரை வீதியே இல்லை! மீனாட்சி அம்மன் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதாகச் சொல்வார்கள். மாதம் மாறினாலும் தேரின் பாதை மாறவில்லை. மதுரைக்காரன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் அத்தை இதைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

மாசி நான்காவது சதுரம். அதன் வலப்பக்கம், அதாவது கிழக்கில், ஒரு முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. அதை முன்பே பார்த்திருந்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் துண்டில் இன்னும் நாலைந்து முடிச்சுகள் அங்கங்கே விட்டுப்போயிருந்தன. கையால் கட்டியதில் அது சகஜம். இப்போது கண்ணருகே வைத்துப் பார்த்தேன். மற்ற முடிச்சுகளின் நூல் அரக்கு. இதன் நூல் மட்டும் வெள்ளை.

புதிர் முழுக்க அந்த நூலில்தான் இருந்தது. சாயத்துக்கு முன்பு கட்டியிருந்தால் நூலும் சாயத்தில் ஊறிச் சிவந்திருக்கும். வெள்ளையாக இருக்கிறதென்றால், சாயம் காய்ந்த பிறகு அத்தை வேண்டுமென்றே உட்கார்ந்து கட்டியிருக்கிறார். வெறும் படமாகப் பார்க்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது. எது முதலில், எது பிறகு என்று செய்த கையின் வரிசையை யோசித்தால்தான் தெரியும். உங்களிடம் இப்படி ஒரு பொருள் இருந்தால் முதலில் அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். வரிசை தவறி நிற்பது எதுவோ, அதை விடாதீர்கள்.

துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்ததும் நூல் 'பட்'டென்று விட்டது. உள்ளே வெள்ளைப் புள்ளி இல்லை, அங்கேயும் அரக்குதான். மடியில் விழுந்தது ஒரு ஏலக்காய்.

கீழமாசி வீதி பலசரக்குக் கடைகளுக்குப் பேர்போனது. தேர் நிற்கும் தேரடியும் அங்கேதான். அத்தை மளிகை வாங்கும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. சின்ன வயதில் கூடப் போனால் அண்ணாச்சி என் உள்ளங்கையில் ஒரு ஏலக்காயை வைப்பார். போய் நின்றேன். இப்போது கல்லாவில் இருப்பவர் அவருடைய மகன். துண்டைப் பார்த்ததும் சிரித்தார். "பொங்கலுக்கு முன்னாடியே குடுத்துட்டுப் போயிட்டாங்க தம்பி. மிளகாய் மூட்டைக்கு மேல பத்திரமா வச்சிருக்கேன்" என்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

டப்பாவில் ஒரு நூல்கண்டும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தன. துணியில் பாதிவரை முடிச்சு கட்டியிருந்தது, அரிசி அரிசியாக, இடைவெளி பிசகாமல். மீதிப் பாதியில் புள்ளி மட்டும் குறித்திருந்தது. கூடவே ஒரு காகிதம்: "மிச்சத்தை நீ கட்டு."

துணியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அத்தை எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்து, ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, நகத்தை எங்கே வைப்பது, நூலை எத்தனை சுற்று சுற்றுவது என்று காட்டிக் கொடுத்தார். முதல் பத்து முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார், இறுக்கம் போதாதாம். இதுவரை 140 கட்டியிருக்கிறேன். குறித்த புள்ளிகள் இன்னும் முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சாயம் போடும் அன்று மதுரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.