போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் சோறு இறங்குகிறது. நான்கு நாள் போனே காட்டாமல் இருந்தோம். தரையில் விழுந்து அலறினாள். ஐந்தாம் நாள் பாட்டி மனசு கேட்காமல் கொடுத்துவிட்டார். இப்போது அடம் முன்பைவிட அதிகம். என்ன செய்வது?

பதில்: அந்த ஐந்தாம் நாளில்தான் முடிச்சு இருக்கிறது. வழக்கமாகக் கிடைத்தது திடீரென நின்றால் குழந்தை உடனே விட்டுவிடாது, முதலில் இன்னும் வேகமாகக் கேட்கும். லிஃப்ட் வராவிட்டால் நாமும் பொத்தானை நாலைந்து முறை அழுத்துவோமே, அதேதான். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரிவதைப் போன்ற இந்த உச்சத்தை உளவியலில் ‘எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்’ என்பார்கள். அந்த நேரம் பார்த்துப் போனைக் கொடுத்தால், ‘இவ்வளவு அழுதால் கிடைக்கும்’ என்று அவள் கற்றுக்கொள்கிறாள். தினமும் கிடைப்பதைவிட, எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைக் காட்டினார். பாதியில் விடுவதற்குத் தொடங்காமலே இருக்கலாம்.

எனவே முதல் வேலை, பாட்டியோடு உட்கார்ந்து பேசுவது. குறை சொல்லாதீர்கள், பேத்தியின் பசி பொறுக்காத மனசு அது. போனை மறுபடி நிறுத்த, விருந்து, ஊர்ப்பயணம் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டும் வேண்டாம். பால் நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பசியும் வராது, இரும்புச்சத்தும் குறையும். தட்டில் நாலு விள்ளல் இட்லி, ஒரு கரண்டி பருப்புச் சாதம். அவளே அள்ளட்டும், சிந்தட்டும். கூடவே யாராவது ஒருவர் சாப்பிடுங்கள், உங்கள் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும். 25 நிமிடம் ஆனதும் கெஞ்சாமல், திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். என்ன, எப்போது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவள் வயிறு சொல்லட்டும். திரையில் லயித்த குழந்தைக்கு வயிறு நிரம்பியதே தெரியாது.

அழும்போது பக்கத்திலேயே இருங்கள். “போன் வேணும்னு கோவமா இருக்கா” என்று ஒருமுறை சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். போன் பார்ப்பதே இருந்தாலும் அது சாப்பாட்டோடு சேராத நேரமாக, நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்கட்டும். 2 முதல் 4 வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வைத்த வரம்பு அது.

எடை கூடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ‘பால் வேணும்’ என்பதுபோல் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒன்பது மாத மகன், துபாயிலிருந்து வந்திருக்கும் அப்பாவைக் கண்டாலே வீறிடுகிறான். அவர் நொந்துபோய்விட்டார்.

பதில்: வெறுப்பல்ல, வளர்ச்சி. தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரித்தறியத் தொடங்கியதும், பெரும்பாலும் 6 முதல் 8 மாதத்தில், இந்த அச்சம் வரும். ‘அப்பாதான்டா, போ’ என்று கையில் திணிக்காதீர்கள். அவர் இரண்டு முழம் தள்ளித் தரையில் உட்காரட்டும், உற்றுப் பார்க்க வேண்டாம். நீங்கள் அவரோடு சிரித்துப் பேசுங்கள், குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அவர் ஒரு பந்தை உருட்டிவிடலாம். அவனாகத் தவழ்ந்து வந்து வேட்டியைப் பிடித்தாலும், உடனே தூக்காமல் கையை மட்டும் நீட்டட்டும்.