வாசகர் கேள்வி – பதில்: தடைக்காலம் முடிந்ததும் புத்தகம் ஏன் மூடிக்கொள்கிறது?

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன் நான். மீன்பிடித் தடைக்காலத்தில் நூலகத்தில் எடுத்து நாலைந்து புத்தகம் படித்துவிடுகிறேன். கடலுக்குப் போகத் தொடங்கியதும் அது அப்படியே நின்றுபோகிறது. 'தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு' என்று மூன்று தடவை தீர்மானம் போட்டும் பத்து நாள் தாண்டவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு அந்த ஒன்பது மணியில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் நீங்கள் கரையில் இருக்கிறீர்கள், எல்லா ராத்திரியும் ஒன்றுபோல வருகிறது. அதற்குப் பிறகு திங்கள், புதன், சனி என்று மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பினால் அந்த மூன்று ராத்திரியும் கடலில் போகும். மறுநாள் கரை வந்து மீனை இறக்கிவிட்டு வீடு போனால் ஒன்பது மணிக்குக் கண் சொக்கிவிடும். கணக்குப் பார்த்தால் வெள்ளி ராத்திரி ஒன்றுதான் தேறும். வாரத்தில் ஒரு நாள் செய்யும் காரியம் எப்படிப் பழக்கமாகும்?

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். எப்படியும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள். 'தூங்கி எழுந்து டீ கைக்கு வந்ததும் இரண்டு பக்கம் படிப்பேன்' என்பதுபோல 'இது நடந்ததும் அது' என்ற அமைப்பில் தீர்மானம் இருக்க வேண்டும். 'நிறையப் படிக்கப் போகிறேன்' என்ற பொத்தாம்பொதுவான ஆசையைவிட இப்படிப்பட்ட தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக எழுதியிருக்கிறார். புத்தகமும் டீ குடிக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். பீரோவைத் திறந்து எடுக்க வேண்டியிருந்தால், அந்த நாலடி தூரத்திலேயே கை போனுக்குத் திரும்பிவிடும்.

அளவு இரண்டே பக்கம். மனம் ஒட்டினால் இருபதும் படிக்கலாம். ஆனால் மறுநாள் கணக்கு மறுபடியும் இரண்டில்தான் தொடங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். விட்டுப்போன மூன்று நாளைச் சேர்த்து எட்டுப் பக்கம் படித்தே ஆக வேண்டும் என்று உட்காருவார்கள், அதோடு புத்தகத்தைக் கண்டாலே கசந்துவிடும். கடலில் இருந்த நாளைப் பாக்கியாக எழுதாதீர்கள்.

'21 நாளில் பழக்கம்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சான ஆய்வில், பழக்கம் படிய ஆன காலத்தின் நடு அளவு 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் படிந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உங்கள் தடைக்காலம் 61 நாள். பழக்கம் படியும் நேரத்தில்தான் ஒவ்வொரு வருடமும் அறுந்துபோயிருக்கிறது. அடுத்த ஏப்ரல் 15-லேயே டீயோடு முடிச்சுப் போட்டுவிட்டால், ஜூனில் படகு கிளம்பும்போது முக்கால்வாசிக் கிணறு தாண்டியிருப்பீர்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டால் தப்பா?
– ஒரு வாசகி, தொண்டி

தப்பே இல்லை. முப்பது பக்கம் கொடுங்கள், இழுக்காவிட்டால் மூடிவிடுங்கள். முடிக்காத ஒரு புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வேறெதையும் தொடாமல் ஆறு மாதம் ஓட்டுவதுதான் படிப்பைக் கொல்கிறது.

வயது 45. முன்பு விடிய விடியப் படிப்பேன். இப்போது அரைப் பக்கத்தில் தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது. ஆர்வமே போய்விட்டதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

ஆர்வம் போகவில்லை, வெள்ளெழுத்து வந்திருக்கலாம். இந்தப் பத்திரிகையை ஒன்றேகால் அடி தூரத்தில் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பாருங்கள். தள்ளிப் போகப் போக எழுத்து தெளிந்தால் அதுதான். நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் கண்ணின் வில்லை விறைக்கத் தொடங்கும். கடையில் தொங்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பார்வை மாறும், ஆகவே அதையும் பார்த்துவிட்டுக் கண் சோதனைக்குப் போங்கள். விளக்கு வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம், தோளுக்கு மேலே இருந்து புத்தகத்தின் மேல் விழ வேண்டும்.

கடலோரத்து வீடு. வாங்கும் புத்தகமெல்லாம் ஊதிப்போய் பூஞ்சை பிடிக்கிறது. ஸ்டேப்ளர் பின் துருவேறிப் பக்கம் கழன்று வருகிறது. வாங்கவே மனசு வரவில்லை.
– ஒரு வாசகர், பாம்பன்

உங்கள் வருத்தம் நியாயமானது. காற்றில் வரும் உப்பு தாளில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். புத்தகங்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைக்காதீர்கள், உள்ளிருக்கும் ஈரம் அங்கேயே வேகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை கதவைத் திறந்துவைத்து மின்விசிறியைப் போடுங்கள். நனைந்துவிட்டால் இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி நிழலில் காயவையுங்கள்; வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு முறுகிவிடும். பூஞ்சையை ஈரத்தோடு துடைத்தால் இன்னும் பரவும். காய்ந்த பிறகு மூக்கை மூடிக்கொண்டு வீட்டுக்கு வெளியே தூரிகையால் தட்டுங்கள்.

பின் அடித்த மெல்லிய புத்தகம் என்றால், துரு தாளைத் தின்பதற்குள் பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடலாம். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் இரண்டு காலையும் மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி வெளிப்பக்கமாக உருவுங்கள். மடிப்பில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று துளை போடுங்கள். ஊசியை உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே கொண்டு வாருங்கள். உள்பக்கமாகவே நேரே இறங்கிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே, நீளத் தையலுக்கு இரு பக்கமும் இருக்கும். அதை நடுவில் வைத்து இறுக்கி முடிச்சிடுங்கள். பருத்தி நூலே போதும். வலை பின்னிய கைக்குப் பத்து நிமிட வேலை.

ஐந்தாம் வகுப்பு மகள் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். கதைப் புத்தகம் கொடுத்தால் தொடமாட்டேன் என்கிறாள்.
– ஒரு தாய், தேவிபட்டினம்

பழகிய பாடத்தை ஒப்பிப்பது வேறு, புதுப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. புத்தகம் அவளுக்குக் கடினமாக இருக்கலாம். நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். அவை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரிக்கப்பட்டவை. 'நட'வில் தொடங்கட்டும், வகுப்பைப் பார்த்துக் கௌரவம் பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள் என்று மாறி மாறி வாசியுங்கள். முடித்ததும் 'கதையில் என்ன நீதி?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது அவளுக்கு இன்னொரு பரீட்சை.