கையொப்பம் இர்விங்குடையது, கடிதம் யாருடையது?

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் பழைய ஆட்டோகிராஃப் ஆல்பம் ஒன்றை வாங்கினேன். அதில் லைசியம் தியேட்டரின் பெயர் அச்சிட்ட தாளில், 1886-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கடிதம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. கீழே நடிகர் ஹென்றி இர்விங்கின் கையொப்பம் உள்ளது. ஆனால் கடிதத்தை எழுதிய கை வேறு. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதைப் போலி என்கிறார். இருந்தும் ஆல்பத்தோடு சேர்த்து 30 பவுண்டு தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? கடிதத்தை இணையத்தில் வெளியிடலாமா?"

கொடுக்க வேண்டாம். போலி என்று தெரிந்த பொருளுக்கு 30 பவுண்டு கொடுக்க முன்வரும் வியாபாரி எந்த ஊரிலும் இல்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். கையொப்பமும் கடிதமும் வெவ்வேறு கையில் இருப்பதாலேயே ஒரு கடிதம் போலியாகிவிடாது. இர்விங்கைப் பொறுத்தவரை அது மிகவும் சாதாரணம். 1878-இல் லைசியம் தியேட்டரின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அப்போது டப்ளினில் அரசுப் பணியில் இருந்த பிராம் ஸ்டோக்கரை வரவழைத்து மேலாளராக அமர்த்திக்கொண்டார். இலவச டிக்கெட் கேட்பவர்கள், நாடகப் பிரதி அனுப்புபவர்கள், விருந்துக்கு அழைப்பவர்கள் என்று வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் இர்விங்கே உட்கார்ந்து பதில் எழுதியிருந்தால், மேடை ஏற அவருக்கு நேரமே இருந்திருக்காது. ஸ்டோக்கர் எழுதினார், எல். எஃப். ஆஸ்டின் என்ற செயலாளர் எழுதினார், பெயர் தெரியாத எழுத்தர்களும் எழுதினார்கள், இர்விங் கையொப்பமிட்டார். அவருடைய சொந்தக் கையெழுத்தோ அக்காலத்திலேயே படிக்க முடியாததற்குப் பேர் போனது. ஆகவே, கடிதம் முழுவதும் தெளிவாகப் படிக்க முடிகிறது என்றால் அதை எழுதியது அவரில்லை என்றே முதலில் எண்ணத் தோன்றும்.

இங்குதான் நான் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. "யாரோ ஒரு குமாஸ்தாவின் கை" என்று வியாபாரி ஒதுக்கும் அந்தக் கை ஸ்டோக்கருடையதாக இருந்துவிட்டால், கணக்கே தலைகீழாகிவிடும். 1897-இல் 'டிராகுலா' நாவலை எழுதியவர் இதே ஸ்டோக்கர்தான். அவர் உயிரோடிருந்த காலத்தில் இர்விங்கின் நிழலில் நின்றவர். இன்று ஏலத்தில் அவர் கைபட்ட தாளுக்கு இருக்கும் தேவை இர்விங்கின் கையொப்பத்துக்கு இல்லை. இதை அறிந்த வியாபாரி உங்களிடம் சொல்ல மாட்டார்; அறியாத வியாபாரி கையொப்பத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுவார். அப்படிக் கத்தரிக்கப்பட்ட துண்டுகளை நானே எத்தனையோ பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஆனால் உடனே கனவு காணவும் வேண்டாம். எழுத்தர்களும் இருந்தார்கள் என்றேன் அல்லவா? 'டிராகுலா'வுக்கு ஸ்டோக்கர் எழுதி வைத்த குறிப்புகள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் நகல் படங்களைக் கொண்ட புத்தகமும் வந்திருக்கிறது. நூலகத்தில் அதை விரித்து, உங்கள் கடிதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையொப்பத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ் பாருங்கள். எஃகு முனைப் பேனாவை அழுத்தி எழுதிய இடத்தில் கோட்டின் இரு ஓரங்களும் கருத்து, நடு வெளுத்து, இரட்டைத் தடமாகத் தெரியும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை தேங்கியிருக்கும். கோடு முழுவதும் ஒரே சீரான நிறமாகவோ, நுண்ணிய புள்ளிகளாகவோ இருந்தால் அது அச்சு. அக்காலப் புகைப்பட அட்டைகளில் நடிகர்களின் கையொப்பம் அச்சாகவே வந்ததுண்டு. தேதியோடு பொருந்தாத முகவரியும் போலியைக் காட்டிக்கொடுக்கும்: இர்விங் 1899 வரை கிராஃப்டன் தெருவிலும் அதன் பின் ஸ்ட்ராட்டன் தெருவிலும் குடியிருந்தார். 1895-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது, நடிகர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அதுதான். ஆனால் பட்டம் பெற்றவர்கள் கையொப்பத்தில் 'சர்' போட்டுக்கொள்வதில்லை. 'சர் ஹென்றி இர்விங்' என்று கையொப்பமிட்ட கடிதத்தை யாராவது நீட்டினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் விற்கப்படும் 'உண்மைச் சான்றிதழ்' என்ற வண்ணக் காகிதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அதைத் தருபவர் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. கடிதத்தை ஆல்பத்திலிருந்து உரிக்கவோ, லேமினேட் செய்யவோ, செலோடேப் ஒட்டவோ வேண்டாம். ஆல்பத்தில் அக்கம்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மற்ற கையொப்பங்கள்தாம் உங்கள் கடிதத்துக்குச் சாட்சி.

வெளியிடும் விஷயத்தில் சட்டம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. தாள் உங்களுடையது, அதிலுள்ள சொற்கள் உங்களுடையவை அல்ல. எழுதியவர் எப்போதோ இறந்திருந்தாலும், இதுவரை அச்சில் வராத இத்தகைய கடிதத்துக்குப் பிரிட்டனில் 2039-ஆம் ஆண்டின் இறுதிவரை பதிப்புரிமை உண்டு. 1905-இல் மறைந்த மனிதர் இலவச டிக்கெட் இல்லையென்று எழுதிய நான்கு வரிக்கு இவ்வளவு காவல்! இந்த விதியை நீக்கலாமா என்று அரசு 2014-இல் கருத்துக் கேட்டது, கேட்டதோடு சரி. ஆகவே முழுக் கடிதத்தையும் இணையத்தில் ஏற்றாமல், அதில் உள்ள செய்தியை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

இர்விங் வட்டாரத்தின் கடிதங்கள் ஒரே இடத்தில் இல்லாதது அடுத்த தலைவலி. லண்டன் கோவென்ட் கார்டனில் இருந்த நாடக அருங்காட்சியகம் 2007-இல் மூடப்பட்டு, அதன் சேகரிப்பு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஸ்டோக்கரோடு தொடர்புடைய கடிதங்கள் பல லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்டன் நூலகத்தில் உள்ளன. கடிதத்தின் இரு பக்கங்களையும், ஆல்பத்தின் முதல் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இவ்விரு இடங்களுக்கும் அனுப்புங்கள். விலை மதிப்பு அவர்கள் சொல்ல மாட்டார்கள். எழுதியது யார் கை என்று மட்டும் கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், அதுவரை அந்த வியாபாரியின் தொலைபேசியை எடுக்காதீர்கள்.