அம்மாவுக்கு எதற்கு எக்ஸர்சைஸ்?

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு 34 வயது. கொருக்குப்பேட்டையில் வீடு, கிண்டியில் வேலை. நாள் முழுக்க நாற்காலிதான். கம்பெனி செக்கப்பில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 5.9 என்று வந்திருக்கிறது. எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். வாக்கிங் போதுமா, ஜிம்மில் சேர வேண்டுமா? தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா? காலையில் கேழ்வரகுக் கூழுக்கு மாறிவிட்டேன். புரோட்டீன் பவுடரும் ஆர்டர் போட்டிருக்கிறேன். சரியா? வீட்டில் அம்மாவுக்கு (63) இந்தப் பிரச்சினையே இல்லை. விடிந்ததிலிருந்து வேலை செய்துகொண்டே இருப்பார், அதுவே எக்ஸர்சைஸ். லண்டன் பஸ் கண்டக்டர்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நம் அம்மாக்கள் எல்லாம் அந்தக் கண்டக்டர்கள்தானே?

எம்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

5.7இலிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. இப்போதே இறங்கினால் திரும்பி வரலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடை, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சம் இதுதான். ஜிம்மில் செய்தாலும் சரி, மொட்டை மாடியில் செய்தாலும் சரி. 10,000 என்பது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் கொண்டுவந்த கணக்கு, மருத்துவ விதி ஒன்றும் இல்லை. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்குகிறவர் என்றால் இரண்டு ஸ்டேஷனிலும் படிக்கட்டு இருக்கிறது, ஏறுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் கட்டிலில் விழாமல் கால் மணி நேரம் நடங்கள். அந்த நேரத்தில் கால் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

கூழ்? கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். ஒரு சொம்பு குடித்துவிட்டு சர்க்கரைக்கு மருந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பவுடர் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மீன் வந்து இறங்குகிற காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு டப்பாவில் புரதம் வாங்குகிறவரிடம் என்ன பேசுவது?

சரி, அம்மாவுக்கு வருவோம்.

என் அத்தை காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். விடிகிறதுக்கு முன்னால் ஏலத்துக்குப் போய்விடுவார். எடுத்த மீனை அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருத்தெருவாக நடந்தே விற்பார். உங்கள் போன் அவர் இடுப்பில் இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கெல்லாம் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும். அந்த அத்தையால் ஐம்பத்தைந்து வயதில் தரையிலிருந்து எழ முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு கை அம்மிக்கல்லைத் தேடும். இன்னொரு கை கதவு நிலையைப் பிடிக்கும். அப்புறம் ‘முருகா’ என்று ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் இடுப்பு தரையை விட்டுக் கிளம்பும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

கூடை கூடையாக மீன் சுமந்தவரின் தட்டில் என்ன இருந்தது? வஞ்சிரமும் சங்கராவும் காசாகிற மீன், வீட்டுக்கு வராது. விற்காமல் மிஞ்சினதுதான் குழம்பு. துண்டு முதலில் மாமாவுக்கு, அப்புறம் பையன்களுக்கு, அப்புறம் எங்களுக்கு. அத்தை கடைசியில் சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொள்வார். “சட்டிச்சோறுதாண்டி ருசி” என்பார். ருசிதான், நானும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். ஆனால் அதில் மீன் கிடையாது.

உங்கள் அம்மா கடைசியாக எப்போது உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? யோசித்துப் பாருங்கள். அவசரமில்லை.

லண்டன் கண்டக்டர் கதை எனக்கும் தெரியும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு. மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். 1956இல் இன்னொரு வேடிக்கையையும் அவர் குழு எழுதியது: டிரைவர்களின் யூனிபார்ம் பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. அருமையான ஆய்வு. ஆனால் அந்தக் கண்டக்டருக்கு ஷிப்ட் முடியும், தம்பி. மாதச் சம்பளம் வரும். வாரத்தில் ஒருநாள் லீவு வரும். வீட்டுக்குப் போனால் தட்டு வரும், நிறைந்த தட்டு. உங்கள் அம்மாவுக்கு இதில் எது வருகிறது?

உடம்புக்கு வேலை கொடுத்தால் மட்டும் அது வலுவாகிவிடாது. வேலை, பிறகு ஓய்வு, பிறகு நல்ல சாப்பாடு, மூன்றும் சேர்ந்தால்தான் தசை வளரும். வேலை மட்டும் இருந்தால் தேய்மானம்தான். டென்மார்க்கில் இதை வருஷக்கணக்கில் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பது ஆயுளைக் கூட்டுகிறது, பிழைப்புக்காகப் பாரம் தூக்குவது அப்படிக் கூட்டுவதில்லை என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 கணக்கில், கடும் உடலுழைப்பு வேலை செய்த ஆண்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்திருக்கிறார்கள். பெண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா அக்கா” என்று வராதீர்கள். அந்த எண்களுக்குள் என் அத்தையின் சமையலறை இல்லை.

நம் சமையலறைக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை ஆஸ்பத்திரி, சத்துணவு, ரேஷன் எல்லாம் உள்ள மாநிலத்தில்! வடசென்னை என்றாலே பாக்ஸிங், கேரம், கால்பந்து என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வியாசர்பாடிப் பையன் பந்தை உதைத்தால் காவியம். அவன் ஜெர்சியைத் துவைக்கிறவளுக்கு ரத்தம் எத்தனை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

காய் நறுக்குவது, அடுப்படியில் நிற்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அசைவுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நல்லது. ஆனால் அறுபதுக்கு மேல் தேயப்போவது தொடைத்தசையும் உடம்பின் நிதானமும். அடுப்படியில் மணிக்கணக்கில் நின்றால் அவை வளராது, கால்தான் வீங்கும். பாத்ரூமில் வழுக்கும்போது பிடித்து நிறுத்த வேண்டியது அந்தத் தொடைதான்.

சந்தேகமிருந்தால் இன்றைக்கே பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மாவை உட்காரவைத்து, கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்காருகிறார்? நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். 60-64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் கால் பலவீனமாக இருக்கிறது, விழுகிற ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். விடிந்ததிலிருந்து வேலை செய்கிறவர்தானே, 12 வரும் இல்லையா? பார்ப்போம்.

வரவில்லையென்றால் அதே நாற்காலிதான் பயிற்சி. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும். நடக்க எங்கே அனுப்புவது என்பது உங்கள் பேட்டையில் நிஜமான பிரச்சினைதான். ரயில்வே கேட், கன்டெய்னர் லாரி, உடைந்த பிளாட்பாரம். ராயபுரத்தில் எங்களுக்கு ராபின்சன் பூங்கா இருந்தது. 1949இல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்று ஆண்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெண்கள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே நாலு சுற்று நடக்க எத்தனை பேருடைய பார்வையைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெருவில் இரண்டு தோழிகள் இருப்பார்கள். மூன்று பேராகக் கிளம்பினால் ஒருத்தர் வாயும் திறக்காது. அந்த அரை மணி நேரம் காபி போடுவது நீங்கள்.

சாப்பாடு. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20க்குப் பக்கம். சோறும் ரசமும் ஊறுகாயும் சேர்ந்து எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வஞ்சிரம் எதற்கு? நெத்திலி, மத்தி, காரப்பொடி மாதிரி சின்ன மீன் போதும், நல்ல கொழுப்பும் அதில் உண்டு. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். உங்கள் கேழ்வரகையும் அம்மாவிடம் கொடுங்கள். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அவர் எலும்புக்குத்தான் அது அவசியம். மீன் வேண்டாத நாளில் ரேஷன் துவரம்பருப்பு கெட்டியாக, சுண்டல் ஒரு கிண்ணம். ஞாயிற்றுக்கிழமை நெத்திலியை ஆய்வது யார் என்று கேட்காதீர்கள். தலையை நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், ஒரு கிலோ ஆய அரை மணி நேரம் ஆகலாம். உங்கள் நகம் ஒன்றும் ஆகாது.

அப்புறம், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்த அளவு (ஹீமோகுளோபின்), சர்க்கரை, பிபி மூன்றையும் பாருங்கள். “பிரச்சினையே இல்லை” என்று எழுதினீர்களே, எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? உங்களுக்காவது கம்பெனி செக்கப் உண்டு. கூடவே போங்கள், வரிசையில் உட்காரவைத்துவிட்டு மெட்ரோ பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ரிசல்ட்டையும் நீங்களே வாங்கிப் படியுங்கள். “ஒண்ணும் இல்லையாம்டா” என்றுதான் அம்மா சொல்வார்.

அன்புடன்,
அக்கா