வில்லின் முதுகு மேடாக இருக்கலாமா?

கேள்வி: எல்லை தாண்டினால் வயநாடு. அங்கே குறிச்சியர் பழங்குடியினர் வில் எய்வதைப் பார்த்து, கல்மூங்கிலில் ஒரு வில் செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதுகு மேடாக இருக்கிறது. இழைத்துத் தட்டையாக்கலாமா?
– வாசகர், பந்தலூர்

பதில்: இழைப்புளியை முதுகுப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். நாணை இழுக்கும்போது, இலக்கைப் பார்த்த முதுகு இழுபடுகிறது. உங்களைப் பார்த்த வயிறு நசுங்குகிறது. மூங்கிலின் வலுவான நார் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போக நார் குறைந்து சதை கூடும். மேட்டை இழைத்தால் பாரம் தாங்கும் நாரே அறுந்துபோகும். அறுந்த இடத்தில் சிலாம்பு கிளம்பி வில் ஒடியும். கணுப் புடைப்பை மட்டும் அரத்தால் லேசாகத் தடவலாம்.

மேட்டின் உயரம் தண்டின் விட்டத்தைப் பொறுத்தது. வில்லின் அகலம் 35 மி.மீ. என்றால், 6 செ.மீ. தண்டில் மேடு ஏறக்குறைய 5.6 மி.மீ.; 10 செ.மீ. தண்டில் 3.2 மி.மீ. நடுவில் 14 மி.மீ. தடிமன் வைத்தாலும், சிறிய தண்டில் ஓரம் எட்டரை மி.மீ.கூட வராது. இழுவிசை முழுக்க உச்சியிலுள்ள குறுகிய நார்க் கீற்றில் குவியும். முதுகில் பொருள் குறைவதால், இழுபடவும் நசுங்கவும் செய்யாத நடு அடுக்கு வயிற்றை நோக்கி நகர்ந்து, வயிற்றின் சுமை குறையும். மூங்கிலுக்கு இது நல்லதுதான்: அதன் முதுகு இழுவிசைக்கு மிக வலுவானது, வயிறு அத்தனை வலுவில்லாதது. ஓரத்தில் எடை குறைவதால், குறிப்பாக நுனிப் பக்கம், வில்லின் கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) விரைவாகத் திரும்பி அம்பும் வேகம் பெறும்.

மரக்கிளையில் செய்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. இழுவிசைக்குத் தளர்ந்த மரத்தில் மேட்டின் உச்சியில்தான் முதல் விரிசல் விழும். 15 செ.மீ. விட்டமுள்ள தண்டில் அதே அகலத்துக்கு மேடு 2 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், அதைத் தேடுங்கள். முதுகு முழுக்க ஒரே ஆண்டு வளையமாக ஓட வேண்டும். நம் ஊர் மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது. பட்டையை உரித்ததும் தெரியும் பரப்பையே முதுகாக விட்டுவிடுவது பத்திரம்.

கேள்வி: தட்டைப் பலகையின் முதுகில் 5 மி.மீ. மூங்கில் பட்டை ஒட்டினேன். நாணைக் கழற்றினாலும் வில் நிமிரவில்லை. வயிற்றில் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிகின்றன.
– வாசகர், செங்கோட்டை

பதில்: மூங்கில் முதுகு உங்கள் பலகையின் வயிற்றை மிஞ்சிவிட்டது. அந்தக் கோடுகள் நார் நசுங்கி மடிந்த இடங்கள். பசை பூசியோ சூடு காட்டியோ பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. நகத்தில் தட்டுப்படும் ஆழம் என்றால் இழுப்பதை நிறுத்திவிடுங்கள். மேலோட்டமான கோடு என்றால், இரு பக்க ஓரத்தையும் சாய்வாகச் சீவி முதுகை ஒடுக்குங்கள்: வயிறு 35 மி.மீ. என்றால் முதுகு 26 போதும். கூர்மூலைகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், சிலாம்பு அங்கேதான் தொடங்கும். பிறகு கோடு விழாத பகுதிகளில் வயிற்றைச் சுரண்டி, வளைவு எல்லா இடத்திலும் பரவச் செய்யுங்கள். மெதுவாகச் சுரண்டுங்கள்: தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த இடத்தின் விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். அடுத்த வில்லுக்கு மூங்கிலை உட்புறமாகவே சீவி 3 மி.மீ.க்குக் கொண்டுவந்து, ஓரங்களை இன்னும் மெலிதாக்கி ஒட்டுங்கள்.