தெரியவில்லையா, முடியவில்லையா, பயமா?

அன்புள்ள அம்மா,

செவிலியர் படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்வது பற்றிய டொரத்தியா ஓரெமின் தற்பராமரிப்புக் கோட்பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது இதய மறுவாழ்வுப் பிரிவில் பயிற்சி. நாடி பார்க்கிறேன், நோயாளிகளை நடக்க வைக்கிறேன், குறித்து வைக்கிறேன். படித்ததற்கு இங்கே வேலையே இல்லை. அது தேர்வுக்கு மட்டும்தானா?

ச.

அன்புள்ள ச.,

இல்லை. எவ்வளவு தூரம் நடக்க வைப்பது என்று உங்கள் பிரிவின் நெறிமுறை சொல்லிவிடும். நாம் எப்போது கையை எடுப்பது என்று அதில் இருக்காது. அதற்குத்தான் ஓரெம்.

செவிலியரே முழுக்கச் செய்வது, பாதி செய்வது, கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது என்று அவர் பிரித்தார் அல்லவா? பைபாஸ் ஆன நோயாளி சில நாட்களிலேயே இந்த மூன்றையும் கடந்துவிடுகிறார். நாம்தான் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறோம்.

நான் வேலைக்குப் புதிதாக வந்தபோது, மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்த ஒருவர் வருவார். டிரெட்மில்லில் நன்றாக நடப்பார். வீட்டிலோ மாடிப்படி பக்கமே போகமாட்டார், தண்ணீர்கூட மனைவி கொண்டுவந்து தர வேண்டும். உடற்பயிற்சியின் நன்மைகளை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு அதெல்லாம் தெரியும். நெஞ்சு படபடத்தாலே அடுத்த அட்டாக் வந்துவிட்டது என்று பயம், அவ்வளவுதான்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மூத்த செவிலியர் ஒருவர் அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு மாடி ஏறியதும், 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்ச சிரமம்) வரையுள்ள போர்க் அளவில் சிரமம் எவ்வளவு என்று கேட்டார். (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரிடம் நாடியை மட்டும் நம்ப முடியாது.) “11” என்றார் நோயாளி. லேசான சிரமம்தான். அப்புறம் செவிலியர், அவருடைய நாடியை அவரையே எண்ணச் சொன்னார். அது மெல்லத் தணிந்ததை அவரே எண்ணித் தெரிந்துகொண்டார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, செய்து பார்ப்பதிலிருந்துதான் மிக வலுவாக வருகிறது என்று 1977இல் உளவியலாளர் பாண்டுரா எழுதியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்தச் செவிலியர் பாண்டுராவின் பெயரைச் சொல்லவே இல்லை.

நாளை நாடியைக் குறித்த பிறகு ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: தனக்காக இவர் எதைச் செய்யாமல் இருக்கிறார்? தெரியவில்லையா, முடியவில்லையா, பயமா? தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுக்கலாம், முடியவில்லை என்றால் கை கொடுக்கலாம். பயம் என்றால் பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டில் யார் அவருக்காக எல்லாவற்றையும் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் இருப்பார்கள், அடுத்த முறை அவர்களையும் வரச் சொல்லுங்கள்.