சிங்கப்பூரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கூகுளில் முதலில் வர எஸ்இஓ நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்குக் கண்டிப்பாக வேண்டாம். என்ன கடை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆள் வைக்க வசதியில்லாமல் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எஸ்இஓ, அதாவது தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் துறையில் இருப்பவர்கள் சண்டைக்கு வராதீர்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள தளங்களுக்கு உங்கள் வேலை தேவைதான். நான் சொல்வது "முதலிடம் கேரண்டி" என்று போன் போடுகிறவர்களைப் பற்றி. அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

என் அக்கா தேக்காவில் தையல் கடை வைத்திருக்கிறார். ஆரி வேலை பிளவுஸில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அவரிடம் ஒரு நிறுவனம் மாதாமாதம் வெள்ளியை வாங்கிக்கொண்டு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தேன். "முதலிடம்" என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. எந்தத் தேடலுக்கு? கடையின் பெயருக்கு! அந்தப் பெயரில் ஊரில் வேறு கடையே இல்லை. அடுத்த வரியில், "மெட்டா கீவேர்ட்ஸ் சேர்க்கப்பட்டன". பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதிவைக்கும் அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்றுவரை அதற்குக் காசு வாங்குகிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் ராத்திரி பகலாக ஊசி பிடித்துச் சம்பாதித்த காசு அது. எனக்கு வயிறு எரிந்தது.

தேடுபொறி செய்வது மூன்று வேலை. அதன் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததை அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்துகிறது. படிக்க எழுத்தே இல்லாவிட்டால் எதை வரிசைப்படுத்தும்? அக்கா தளத்தில் விலைப்பட்டியல் முழுவதும் ஒரே படம். எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு "ஹோம்".

நாங்கள் செய்தது இவ்வளவுதான். லைனிங் பிளவுஸ், ஆரி வேலை, ஆல்ட்ரேஷன் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம். என்ன விலை, எத்தனை நாளாகும், அளவு பிளவுஸ் கொண்டுவர வேண்டுமா என்று வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் எழுத்தாகவே போட்டோம். தலைப்பில் வேலையின் பெயரும் இடமும். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைப் பற்றிக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடை நேரத்தைச் சரிசெய்து, தைத்த துணிகளின் படங்களை ஏற்றினோம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து தொழில் செய்கிறீர்கள் என்றால் அதில் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதியை மட்டும் காட்டலாம். அப்புறம் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவி. அது இலவசம். மக்கள் என்ன தட்டித் தேடியபோது உங்கள் பக்கம் தென்பட்டது என்று அதில் தெரியும். "ஒரே நாளில் பிளவுஸ்" என்று பலர் தேடியிருந்தார்கள், அதற்கும் ஒரு பக்கம் எழுதினோம். இப்போது ஈசூன், ஜூரோங்கிலிருந்தெல்லாம் கூகுளில் பார்த்துவிட்டு அழைக்கிறார்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சிலசமயம் மாதங்களும் ஆகலாம்.

"பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு வேண்டாமா?" என்று யாராவது கேட்பீர்கள். வேண்டும். ஒரு பக்கத்தை எந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து மதிப்பிடுவதுதான் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய பேஜ்ரேங்க். ஆனால் காசுக்கு வாங்கும் இணைப்புகளைக் கூகுள் மோசடியாகவே பார்க்கிறது. 2012இல் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் மாற்றமே அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளத்தான். விளம்பரத்துக்குப் பணம் கட்டினாலும் சாதாரண முடிவுகளில் இடம் உயராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழ் நிகழ்ச்சி அறிவிப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் படமாகத்தான் வருகிறது. நாள், இடம், பேச்சாளர் எல்லாம் படத்துக்குள்ளேயே. அடுத்த வருடம் தேடினால் அப்படி ஒன்று நடந்த சுவடே இருக்காது. யூனிகோடு வருவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்களும் தேடலில் அகப்படாமல் கிடக்கின்றன. படத்துக்குக் கீழே நான்கு வரி தட்டச்சு செய்ய எவ்வளவு நேரமாகும்?

சரி, உங்கள் விஷயம். பின்னாளில் யாரையாவது வேலைக்கு அமர்த்தினால், டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி), சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் மூன்றையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அக்காவின் டொமைன் அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.